205/55 ஆர்16: செட்டிநாட்டுச் சாலைக்கு எந்த டயர்?

விர்ட்டஸ், ஸ்லாவியா மாதிரி 205/55 ஆர்16 சைஸில் (அகலம் 205 மி.மீ., பக்கச்சுவரான சைடுவாலின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம்) ஓடும் கார்களுக்கு முதல் செட் தேய்ந்ததும் ஒரே கேள்விதான்: கம்பெனி கொடுத்ததையே மறுபடி போடுவதா, இன்னும் நல்ல பிடிப்புள்ள டயருக்குப் போவதா? தாராளமாகப் போகலாம். எதற்குப் போவது என்பதைத்தான் காரைக்குடி வெயிலையும் ஐப்பசி மழையையும் வைத்து முடிவு செய்ய வேண்டும்.

ஓட்டுகிற சந்தோஷம் மட்டுமே கணக்கு என்றால் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி தயங்காமல் திரும்பும், ஈரத்திலும் பிரேக் நன்றாக நிற்கும். ஆனால் ரப்பர் மென்மையானது. தினமும் திருச்சிக்குப் போய் வருகிறவருக்குச் சீக்கிரமே பட்டன் (சாலையில் படும் வரிப்பகுதி) தேய்ந்துவிடும். கிடைப்பதும் சிரமம். 2020 ஜூனில் மத்திய அரசு புதிய டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்த பிறகு, வெளிநாட்டிலிருந்து வரும் டயர்கள் நினைத்த நேரத்தில் கைக்கு வருவதில்லை.

அடுத்து கான்டினென்டல் அல்ட்ராகான்டாக்ட் யுசி6, மிஷலின் பிரைமசி 4. பந்தய வேகத்துக்கானவை அல்ல, நெடுந்தூரப் பயணத்துக்கானவை. சத்தம் குறைவு, குண்டு குழியில் அதிர்வும் குறைவு. இங்கே உலர்ந்த சாலையில் எந்த நல்ல டயரும் பிடித்துக்கொள்ளும், சோதனை மழையில்தான். கோடை முழுக்கத் தார்ச்சாலையில் படிந்த எண்ணெயும் செம்மண் புழுதியும் முதல் மழையில் வழவழவென்று ஆகிவிடும். அப்புறம் கார்த்திகைக்குள் பள்ளமான இடங்களில் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீரை வெளியே தள்ளுவது பட்டனின் ஆழம். புதிதில் ஏறக்குறைய 8 மி.மீ. இருக்கும். 1.6 மி.மீ. வரை ஓட்டச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் 3 மி.மீ.க்கு வந்ததுமே மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். தேய்ந்த பிறகும் ஈரத்தில் பிடிக்கும் என்பதைத்தான் பிரைமசி 4-க்கு மிஷலின் முன்வைக்கிறது. தினசரி ஓட்டத்துக்கு என் ஓட்டு இந்த இரண்டுக்கும்தான். யுசி6 பக்கம் ஒரு மயிரிழை சாய்வு.

வ்ரெடஸ்டைன் அல்ட்ராக்கும் பார்க்க வேண்டிய பெயர். நெதர்லாந்துக் கம்பெனி, 2009-இல் அப்போலோ வாங்கியது. மேலே சொன்னவை கிடைக்காதபோது தயங்காமல் போடலாம்.

பலர் கேட்பது 17 அங்குல ரிம். 225/45 ஆர்17 போட்டால் சக்கரத்தின் மொத்த விட்டம் மாறாது: 632 மி.மீ. இருந்தது 634 ஆகும், அவ்வளவுதான். ஆனால் சைடுவால் 113-இலிருந்து 101 மி.மீ.க்கு இறங்கிவிடும். பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கக் கிளைச்சாலைகளில் எதிரே பஸ் வந்தால் தார் உடைந்த ஓரத்தில்தான் இறங்கியாக வேண்டும். அங்கே அந்த 12 மி.மீ. ரொம்பப் பெரிது. சீமைக்கருவேல முள் பட்டனில் ஏறினால் ட்யூப்லெஸ் பஞ்சர் ஒட்டிக்கொள்ளலாம். சைடுவாலில் வீக்கம் வந்துவிட்டால் டயரையே தூக்கிப் போட வேண்டியதுதான். அழகுக்காக இதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

ஊரில் பெரிய வீடு, கார் ஷெட்டில், கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் மட்டும் வெளியே எடுப்பது என்று இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. அந்த டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும். அவர்கள்தான் உண்மையில் பைலட் ஸ்போர்ட் 4 போடலாம், மென்மை அவர்களுக்குக் குறையே இல்லை. ஐந்து வருடம் ஆனபின் ஆண்டுக்கொரு முறை விவரம் தெரிந்த ஆளிடம் காட்டி வெடிப்பு பார்க்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் எப்படி இருந்தாலும் கூடாது.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன் சைடுவாலில் நான்கு இலக்கம் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. 91வி அல்லது அதற்கு மேல் என்றிருப்பதையும் உறுதி செய்யுங்கள்: 91வி என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், வேக வரம்பு மணிக்கு 240 கி.மீ. காற்றழுத்தம் காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பார்ப்பதே சரி. மத்தியான வெயிலில் ஓட்டி வந்து பார்த்தால் கூடுதலாகக் காட்டும்.

நான்கும் ஒரே ரகமாக இருப்பது நல்லது. இப்போதைக்கு இரண்டுதான் முடியும் என்றால், முன்சக்கரத்தில் போடலாம் என்பார் கடைக்காரர். பின்சக்கரத்தில் போடச் சொல்லுங்கள். முன்சக்கரம் வழுக்கினால் ஆக்ஸிலேட்டரை விட்டதும் பெரும்பாலும் அடங்கும். ஈரச் சாலையில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும்.