லாரி வர்ற குடோன் யார்டுக்கு தாரா, பேவர் பிளாக்கா, கான்கிரீட்டா? நாங்க ஏன் தார் போட்டோம்

கரூர் பக்கம் எங்க குடோன் முன்னாடி யார்டுக்கு தரை போடணும்னு பேச்சு வந்தப்ப, கேட்டவங்கள்ல பாதிப்பேரு பேவர் பிளாக்னு சொன்னாங்க, மீதிப்பேரு கான்கிரீட்னு சொன்னாங்க. தார்னு யாருமே சொல்லல. எல்லாருக்கும் ஒரே காரணம் தான், "இந்த ஊரு வெயிலுக்கு உருகி ஒட்டிக்குமுங்க". ஆனா எல்லாத்தையும் விசாரிச்சு கடைசியா நாங்க போட்டது தார் தான், இப்ப யாரு கேட்டாலும் லாரி வந்து போற இடம்னா தார் தான்னு சொல்லுவேன். ஏன்னு கொஞ்சம் நீட்டமாவே எழுதுறேன்.

முதல்ல அந்த உருகுற பயம். வெளில 40 டிகிரி அடிச்சா கருப்பு தரை மேல 60 டிகிரிய தாண்டிரும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா தார்ல கிரேடு இருக்கு, ஐஎஸ் 73ன்னு ஒரு இந்திய தரக்குறியீடு, அதுல விஜி-10, விஜி-20, விஜி-30, விஜி-40னு நாலு. நம்பர் ஏற ஏற கெட்டி. அந்த கெட்டித்தன்மைய அளக்குறதே 60 டிகிரி சூட்டுல வச்சுத்தான், ஏன்னா வெயில்ல ரோடு போய் நிக்கிற சூடு அது. நம்ம ஊர்ல பொதுவா போடுறது விஜி-30, லோடு வண்டி நின்னு திரும்புற இடம்னா விஜி-40 கேக்கலாம். கான்ட்ராக்டர்கிட்ட "என்ன கிரேடுங்கண்ணா"ன்னு கேட்டா "நல்ல தாருங்க, பயப்படாதீங்க"ன்னு தான் பதில் வரும், அதோட விடாதீங்க, தார் கலவை தயாரிக்கிற பிளான்ட்ல இருந்து வர்ற சீட்டுல கிரேடு எழுதி இருக்கான்னு பாருங்க.

இன்னொண்ணு, போடுற நேரத்துக்கு நம்ம வெயில் நல்லதே பண்ணுது. விஜி-30 கலவை பிளான்ட்ல 150ல இருந்து 165 டிகிரில கலக்குறாங்க, விரிக்கிறப்ப 140க்கு கொறையக்கூடாது, 90க்கு எறங்குறதுக்குள்ள ரோலர் ஓடி முடிஞ்சிருக்கணும். குளுர் ஊர்ல இது சீக்கிரம் ஆறிரும், இங்க கத்திரில போட்டா ரோலருக்கு நல்லா டைம் கிடைக்குது, நல்லா அமுங்குது. அமுங்காத தார் தான் பின்னாடி பொரிஞ்சு ஜல்லி தனியா வரும்.

பேவர் பிளாக் பத்தி நியாயமா சொல்லணும்னா அதுக்கு ஒரு பெரிய பிளஸ் இருக்கு, பைப் போடணும் கேபிள் இழுக்கணும்னா கல்ல எடுத்துட்டு திரும்ப அடுக்கிரலாம். பாக்கவும் அழகு. ஆனா லாரிக்குனு வந்தா கனம் பாக்கணும். பேவர் கல்லுக்கான தரக்குறியீடு ஐஎஸ் 15658ல 60 மிமீ கல்லு கார் பைக் மாதிரி லேசான போக்குவரத்துக்குத் தான், நடுத்தரத்துக்கு 80 மிமீ எம்-40 (எம்-ங்கிறது கல்லோட வலு கிரேடு), கனமான வண்டிக்கு 100 மிமீ எம்-50. ஆனா நான் போய்ப் பாத்த யார்டுல முக்காவாசி 60 மிமீ கல்ல போட்டுட்டு அது மேல பத்து சக்கர வண்டிய விடுறாங்க. டிரைவர் நின்ன இடத்துலயே ஸ்டீயரிங்க ஒடிச்சு திருப்புறப்ப கல்லு மெல்ல மெல்ல நகருது, கல்லுக்கு நடுவுல இருக்குற ஜாயிண்ட் மணல் போயிருது, ஓரத்துல கெர்ப் (ஓரக்கல்லு) கெட்டியா இல்லேன்னா மொத்த வரிசையும் வெளிய தள்ளுது, சக்கரம் ஓடுற தடத்துல மட்டும் கீழ எறங்கி மழை பேஞ்சா ரெண்டு வாய்க்கா மாதிரி தண்ணி நிக்குது. அத சரி பண்ணணும்னா கல்ல எடுத்து அடியில மட்டம் பண்ணி திரும்ப போடணும், அந்த சின்ன வேலைக்கு ஆள் பிடிக்கிறது தான் பெரிய பாடு.

கான்கிரீட் வலுவா, அது வலு தான். டீசல் சிந்துனாலும் ஒண்ணும் ஆகாது. நான் சொந்தமா முழு யார்டும் கான்கிரீட் போட்டதில்ல, அக்கம்பக்கத்துல பாத்தத வச்சு தான் சொல்றேன். தண்ணி கட்டி க்யூரிங் பண்ணி அது வலு ஏறுற வரைக்கும் லாரி விட முடியாது, விரிசல் நேர் கோட்டுல போறதுக்காக ஜாயிண்ட் வெட்டுறத ஒரு நாள் தள்ளிப்போட்டா அதுவா கண்ட இடத்துல விரிசல் விட்டுக்கும், நாளைக்கு ஒரு பைப்புக்காக உடைச்சீங்கன்னா அந்த ஒட்டு என்னைக்கும் ஒட்டாவே தெரியும். குடோன நிறுத்தி வைக்க முடியாதவங்களுக்கு இது கஷ்டம். தார்னா ஆறுனதும் மறுநாளே வண்டி விட்டாச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன், எங்க முடிவ தீர்மானிச்சது மெயின்டெனன்ஸ் தான்.

தார் எப்படி சாகுதுன்னு புரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது. வெயிலும் காத்தும் சேந்து வருஷக்கணக்குல தார்ல இருக்குற எண்ணெப்பசைய வாங்கிருது, கருப்பு போய் சாம்பக் கலர் ஆகும், பசை போனதும் இறுகி நொறுங்குற பதத்துக்கு வரும், அப்புறம் முடி மாதிரி விரிசல் விடும். இது வரைக்கும் தரைக்கு ஒண்ணும் பெரிய சேதம் இல்ல. ஐப்பசி மழை அந்த விரிசல் வழியா அடியில எறங்குதே அப்ப தான் கதை மாறுது, அடியில இருக்குற வெட்மிக்ஸ் (தண்ணி சேத்து அமுக்குன ஜல்லி அடித்தளம்) ஈரத்துல எளகிரும், மேல லாரி ஏறுனதும் அமுங்கும், தார் உடையும், கார்த்திகைல குழி. அதாவது வெயில் கதவ தொறந்து வைக்குது, உள்ள வந்து கெடுக்குறது தண்ணி. அதனால வருஷத்துல ஒரு வேலைய ஒழுங்கா செஞ்சா போதும், வெயில் அடங்கி வடகிழக்கு பருவமழை வர்றதுக்கு முன்னாடி, ஆவணி புரட்டாசில, விரிசல் எல்லாத்தையும் அடைச்சிரணும்.

அடைக்கிறதுக்கு பெரிய மிஷின் எல்லாம் வேண்டாம். கம்ப்ரசர் காத்த வச்சு விரிசல் உள்ள இருக்குற மண்ணு, புல்லு, வேரு எல்லாத்தையும் ஊதி எடுத்துட்டு, சின்ன விரிசல்னா எமல்ஷன (தண்ணில கலந்த தார்) ஊத்தி மேல கிரஷர் டஸ்ட் தூவிட்டா போதும், எமல்ஷன காய்ச்ச வேண்டியதே இல்ல. விரல் நுழையுற அளவுக்கு போச்சுன்னா ரப்பர் கலந்த தார காய்ச்சி ஊத்தணும், அதுக்கு ஆள் தேவை. குழி விழுந்திருந்தா அப்படியே மேல கலவைய கொட்டி மிதிச்சு விடுறது வேஸ்ட், அடுத்த மழைக்கு பேந்துக்கும். குழிய சுத்தி சதுரமா, ஓரம் நேரா நிக்கிற மாதிரி வெட்டி, கெட்டுப்போன ஜல்லிய எடுத்து, அடியிலயும் ஓரத்துலயும் டேக் கோட் (ஒட்டிக்கிறதுக்கு ஒரு மெல்லிசு தார் பூச்சு) அடிச்சு, அப்புறம் கலவைய போட்டு அமுக்கணும். ரொம்ப வெளுத்துப் போன தரைக்கு மேல ஒரு ஸ்லரி சீல், எமல்ஷனும் பொடி ஜல்லியும் கலந்து ஒரு மெல்லிசு பூச்சு, அது அடிச்சா மேல இருந்து தண்ணி எறங்காம காக்கும். இது தான் எனக்கு பெருசா பட்டது, ஒவ்வொரு வருஷமும் கொஞ்சமா செஞ்சுட்டே வந்தா அடித்தளம் கெடாது, பின்னாடி ஒரு நாள் மேல் பூச்ச மட்டும் சுரண்டி புதுசா போட்டா மொத்தமும் புதுத்தரை. பேவர்ல அடித்தளம் எறங்குனா கல்ல முழுசா எடுத்தே ஆகணும்.

தார்க்கு ரெண்டு எதிரி இருக்கு, அத மறைக்க மாட்டேன். ஒண்ணு டீசலும் ஆயிலும், அது தார கரைச்சிரும், ஒழுகுற வண்டி ஒரே இடத்துல நின்னா அங்க மெத்து மெத்துன்னு ஆகும். ரெண்டாவது டிரெயிலர கழட்டி விடுறப்ப முன்னாடி ஊனுற கால், அந்த சின்ன இரும்பு தட்டு மேல அத்தன பாரமும் எறங்கும், மே மாசத்துல தார்ல அப்படியே பள்ளம் விழும். இந்த ரெண்டு இடத்துக்கும் மட்டும் கான்கிரீட் மேடை போட்டுட்டோம், மத்தது எல்லாம் தார். பைக் சைடு ஸ்டாண்டுக்கும் கீழ ஒரு பலகை வைக்கச் சொல்லுங்க, முக்கியமா புதுசா போட்ட முதல் வெயில்ல.

வீட்டு வாசலுக்கு கேட்டா பேச்சே வேற. 500, 600 சதுர அடிக்கு ஹாட் மிக்ஸ் பிளான்ட்ல இருந்து தனி லோடு வராது. 10 டன் லோடு ஒண்ணு 40 மிமீ கனத்துல ஏறக்குறைய 1,100 சதுர அடிக்கு வரும், அதுக்கு கம்மினா டிரம்ல காய்ச்சி கையில கலந்து போடுவாங்க, சூடு பதமே இருக்காது. வெறுங்கால்ல புள்ளைங்க ஓடுற இடம் வேற. அதனால சின்ன வாசலுக்கு பேவர் தான் சரி. பண்ணை வீட்டுக்கு நீள வழி, அபார்ட்மென்ட் உள்ரோடு மாதிரி இருந்தா மட்டும் தார யோசிங்க. அதுலயும் வாசப்படி மட்டத்த விட்டுறாதீங்க, பழசுக்கு மேலயே புதுசு போட்டு போட்டு ரோடு ஏறி வீடு பள்ளத்துக்கு போன தெரு நம்ம ஊர்ல எத்தன இருக்கு. 2021ல தலைமைச் செயலாளரே பழைய ரோட்ட சுரண்டிட்டு தான் போடணும்னு உத்தரவு போட வேண்டி வந்துச்சு, தெருவுக்கு இருக்குற ரூல நம்ம யார்டுக்கும் வச்சுக்கலாம்.

கொட்டேஷன் வாங்குறப்ப வெறும் சதுர அடி ரேட்டோட கையெழுத்து போட்டுறாதீங்க. தார் கிரேடு, ரோலர் ஓடுன பிறகு நிக்கிற கனம், அடியில வெட்மிக்ஸ் எவ்வளவு, வாட்டம் எவ்வளவுன்னு எழுதி வாங்குங்க. வாட்டம் 10 அடிக்கு ரெண்டரை இன்ச் இருக்கட்டும். 20 மிமீ பிரீமிக்ஸ் கார்ப்பெட்னு (ஜல்லியும் தாரும் கலந்த மெல்லிசு தரை) கம்மி ரேட்டுல சொன்னாங்கன்னா அதுல ஓட்டை ஜாஸ்தி, மேல ஓட்டைய அடைக்கிற சீல் கோட்டும் சேத்து தான் அந்த ரேட்டான்னு கேளுங்க. வேலை முடிஞ்சதும் ஒரு டேங்கர் தண்ணிய கொட்டி எங்க தேங்குதுன்னு சாக்பீஸ்ல வட்டம் போட்டுட்டு, அத சரி பண்ணுன பிறகு கடைசி பணத்த குடுங்க.