ஆல்-ஸ்டார் தேர்வு: ரசிகர் ஓட்டா, நிருபர் ஓட்டா?

ஊட்டியில் ஜனவரி மாதம் புல் வெள்ளையாக உறைந்தாலும், ஐஸ் ஹாக்கிக்கு அந்தப் பனி காணாது. குன்னூரில் நாங்கள் நாலு பேர் கம்பளிக்குள் முடங்கிக்கொண்டு வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். பார்ப்பது போனில்தான். லீக்கின் நட்சத்திர வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஆள் எடுக்க வேண்டியது ரசிகர்களா, ஹாக்கி நிருபர்களா என்ற சண்டைக்கு மட்டும் குறைவில்லை.

என் ஓட்டு ரசிகர்களுக்கு. 2016-இல் ஜான் ஸ்காட்டை அவர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். கோல் அடிப்பதைவிடக் கைகலப்பில் பெயர் எடுத்தவர். கேலியாகத் தொடங்கிய ஓட்டு அவரை அந்த ஆட்டத்தில் பசிபிக் பிரிவு அணிக்குக் கேப்டனாக்கியது. நடுவில் மாண்ட்ரியல் கிளப்புக்குக் கைமாற்றப்பட்டு, கீழ்மட்ட லீக்குக்கும் அனுப்பப்பட்டார். ஆனாலும் நாஷ்வில்லில் நடந்த ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் களமிறங்கி 2 கோல் அடித்தார், அணி ஜெயித்தது. ஆட்டத்தின் சிறந்த வீரர் விருதுக்கான பட்டியலில் அவர் பெயரே இல்லை. ரசிகர்கள் அவர் பெயரைத் தாங்களாக எழுதிப்போட்டு அந்த விருதை வாங்கிக் கொடுத்தார்கள். நிருபர்கள் கையில் விட்டிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

சரி, இதில் கோளாறும் உண்டு. 2015-இல் லாட்வியா நாடே திரண்டு தன் வீரர் கிர்கென்சன்ஸை ரசிகர் ஓட்டில் முதலிடத்தில் ஏற்றியது. நம்மூர்ப் பையன் ஆடினால் படுகரும் தமிழரும் சேர்ந்து நாமும் அதைத்தான் செய்வோம்.

சீசன் முடிந்து அறிவிக்கும் ஆல்-ஸ்டார் அணி, அதாவது அந்த சீசனின் சிறந்த வீரர்கள் பட்டியல், வேறு சங்கதி. 1930-31 முதல் வருகிற அந்தப் பட்டியல் ஒரு வீரரின் சரித்திரக் கணக்கு. அதற்கு ஹாக்கி நிருபர்களே சரி. அவர்களும் சறுக்குவார்கள்: 2013-இல் நட்சத்திர வீரர் ஓவெச்கின் எந்தப் பக்கம் ஆடினார் என்று குழம்பி, முதல் அணியில் வலது விங், இரண்டாம் அணியில் இடது விங் என இரண்டிலும் அவரையே போட்டுவிட்டார்கள்.