8,400 மலேசிய வெள்ளி கொடுத்து என் பழைய பிஸ்டனையே திரும்ப வாங்கினேன்

நேற்று ராத்திரி இன்ஜினைப் பிரித்ததிலிருந்து தூக்கமில்லை. நகக்கண்ணில் இன்னும் கரி. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கோலாலம்பூரில் பழைய கார் வைத்துக்கொண்டு செப்பாங் ரேஸ் தடத்தில் ஓட்டுகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன். பழைய இன்ஜின்களைப் பிரித்துப் புதுப்பிக்கிற (ஓவர்ஹால்) லேத் பட்டறை, அவ்வளவுதான்.

என்னுடையது 1972 டாட்சன் 1200, அப்பா வாங்கியது. 1,171 சிசி ஏ12 இன்ஜின். மூன்று வருடமாக அதை வைத்து ரேஸ் ஓட்டுகிறேன். தள்ளுகிறேன் என்றும் சொல்லலாம். முதல் வருடம் ஹெட் கேஸ்கெட் போனது. அடுத்த வருடம் இரண்டாவது கியர் விழ மறுத்தது. ஒரு தடவை மதிய வெயிலில் பிட் வாசலில் வரிசையில் நிற்கும்போதே கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து வண்டி அணைந்துவிட்டது. ஈரத்துணியைச் சுற்றிவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்தேன். இதற்கெல்லாம் நான் யாரையும் திட்டியதில்லை. ஐம்பது வருடத்து இரும்பு, முனகத்தான் செய்யும்.

அப்புறம் புகை வர ஆரம்பித்தது. ஒரு நண்பர் இந்தப் பட்டறையைச் சொன்னார்.

முதலாளிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். ஹெட்டைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்குள் சுண்டுவிரலை விட்டு மெதுவாக மேலே இழுத்தார். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நகம் தட்டியது. "இங்க பாரு தம்பி, படி விழுந்திருக்கு" என்று என் விரலையும் பிடித்து அதே இடத்தில் வைத்தார். சொன்னது உண்மைதான். பிஸ்டனின் மேல் வளையம் எட்டாத இடத்தில் சுவர் தேயாது, கீழே தேய்ந்துகொண்டே போகும், நடுவில் ஒரு படி நிற்கும். அப்புறம் பத்து தீகா பேச்சு. 1999-இல் செப்பாங் வருவதற்கு முன்பு ஷா ஆலமில் இருந்த ரேஸ் தடம். சின்னப் பையனாக அங்கே டயர் உருட்டினாராம். எங்கள் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதும் அங்கேதான். அதோடு நான் அவர் பேச்சில் விழுந்துவிட்டேன். பக்கத்துக் கடையிலிருந்து தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் டீ) வரவழைத்துக் கொடுத்தார். ஒரு கிளாஸ் தே தாரிக், 8,400 வெள்ளி.

பேசிய வேலை இது: 73 மில்லிமீட்டர் சிலிண்டரை 73.5 ஆகக் குடைய வேண்டும், அதற்கேற்ற பெரிய பிஸ்டன் நான்கு, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைச் சாணை பிடித்துப் புது பேரிங். முன்பணம் 5,000, வண்டி எடுக்கும்போது 3,400. பணம் போனது பட்டறைக் கணக்குக்கு இல்லை, அவர் மனைவி கணக்குக்கு. ரசீதில் 'இன்ஜின் ஓவர்ஹால், 1 செட்' என்று ஒரே வரி. அளவெல்லாம் எழுதிக் கொடுங்களேன் அண்ணே என்று கேட்டேன். "நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்கு தம்பி?" என்றார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

அவர் சொன்னபடி 1,000 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்கினேன். போன சனிக்கிழமை செப்பாங். மூன்றாவது சுற்று, 15-ஆம் வளைவுக்குப் போகும் நேர்ப்பாதையில் ஆயில் விளக்கு கண் சிமிட்டியது. காலை எடுப்பதற்குள் கீழேயிருந்து டொக் டொக்கென்று சத்தம். லோரியில் ஏறித்தான் வீடு வந்தது.

அன்றைக்கு மாலையே போன் போட்டேன். "ரொம்ப முறுக்கிட்ட தம்பி." இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றைத் தாண்டவேயில்லை. கேமராவில் மீட்டர் முழுக்கப் பதிவாகியிருக்கிறது, அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. ஞாயிறு, ஆயில் சரியில்லை என்றார். அது அவர் கடையிலேயே வாங்கிய ஆயில்! திங்கள், வேலை பார்த்த பையன் ஊருக்குப் போயிருக்கிறான், வந்தால்தான் தெரியும். செவ்வாய் நேரிலேயே போனேன். என்னைக் கண்டதும் போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்பக்கம் போனவர் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தார். தம்பி என்று கூப்பிட்ட அதே வாய், "மிஸ்டர், கொண்டுவந்து போடுங்க, பார்க்கலாம். கழட்டிப் பார்க்க 800 ஆகும்" என்றது. 8,400-க்கு மேல் இன்னும் 800!

சரி, நானே கழற்றினேன். முதல் பிஸ்டனை உருவி, தலையில் படிந்த கரியைத் துடைத்தேன். பெரிய அளவு பிஸ்டன் என்றால் தலையில் 50 என்று, அதாவது அரை மில்லிமீட்டர் பெரியது என்று, குத்தியிருக்க வேண்டும். எண் இல்லை. ஓரமாக ஒரு புள்ளி இருந்தது. அடுத்ததில் இரண்டு புள்ளி. கேஸ்கெட் பழுதான அந்த முதல் வருடம் வளையமும் மாற்றினேன், அப்போது எது எந்தச் சிலிண்டர் என்று குழம்பாமல் இருக்க சென்டர் பஞ்ச் (இரும்பில் புள்ளி குத்தும் கூர் உளி) வைத்து நானே அடித்தவை. மூன்றாவதில் பஞ்ச் வழுக்கி ஒரு புள்ளிக்கு வால் முளைத்திருக்கும். அந்த வாலும் இருந்தது. பேரிங் முதுகில் 'எஸ்டிடி', அதாவது ஸ்டாண்டர்ட் அளவு, என்று குத்தியிருக்கிறது, அப்படியென்றால் கிராங்கில் சாணையே படவில்லை. இரண்டாவது கனெக்டிங் ராட் பேரிங் செம்பு தெரியத் தேய்ந்திருக்கிறது. சிலிண்டருக்குள் சுண்டுவிரலை விட்டேன். அதே இடத்தில் நகம் தட்டியது.

புது வளையம் மட்டும் போட்டிருக்கிறார்கள், அதனால்தான் புகை கொஞ்சம் குறைந்தது. மற்றபடி பிளாக்குக்கு நீலப் பெயிண்ட். 8,400 வெள்ளிக்குப் பெயிண்ட்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், கை நடுங்குகிறது. இன்ஜினைக் கொடுக்கும் முன் உள்ளே ரகசியமாகக் குறி வையுங்கள். பழைய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். அளவு எழுதாத ரசீதுக்குக் காசு கொடுக்காதீர்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுவுக்கு 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம். நாளைக்குப் பிஸ்டனைப் பையில் போட்டுக்கொண்டு போகிறேன்.

இதை எழுதும்போதே அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வந்தது. லேத் பக்கத்தில் ஒரு மஞ்சள் கொரோலா, பழைய கேஇ20. கீழே 'புது வேலை' என்று போட்டிருக்கிறார். அந்த வண்டிக்காரர் யாரென்று தெரிந்தவர்கள் இன்று ராத்திரிக்குள் அவருக்குப் போன் போடுங்கள்.