பில்லில் நாலு ஃபர்ம்வேர் அப்டேட், சர்வரில் நடந்தது ஒன்று: பழைய சர்வர் வாங்கும் மதுரைக்காரர்கள் கவனத்துக்கு

கப்பலூர் சிட்கோவில் ஒரு சிறிய ஆலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். டேலி கணக்கு சாஃப்ட்வேர் ஓட்டுவதற்காக மதுரை டவுனுக்குள் ஒரு கடையில் பழைய டெல் ஆர்730 சர்வர் வாங்கினோம். பயாஸ் (சர்வரைத் தொடங்கிவைப்பது), ஐடிராக் (சர்வரைத் தூரத்திலிருந்தே கவனிக்க உதவுவது), ரெய்டு கார்டு (டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்துவது), நெட்வொர்க் கார்டு நாலுக்கும் ஃபர்ம்வேர் (அந்தந்தப் பாகத்துக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் சாஃப்ட்வேர்) அப்டேட் முடித்த பிறகுதான் விண்டோஸ் சர்வர் போட வேண்டும் என்று பேசினோம். ஒன்றுக்கு 1,500 வீதம் 6,000 ரூபாய் தனி பில்.

வரிசையை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. டிஸ்க் காலியாக இருக்கும்போது அப்டேட் சொதப்பினால் அரை நாள் வேலைதான் போகும். கணக்கு ஏறிய பிறகு சொதப்பினால் ஆலையே நிற்கும்.

வந்த பையன் பென்டிரைவைச் செருகி நேராக விண்டோஸைப் போட்டுவிட்டார். நான் அப்போது ஸ்டோர்ஸில் இருந்தேன். கேட்டதற்கு, "அப்டேட் எல்லாம் முடிச்சாச்சுண்ணே" என்றார். நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாளில் பிரச்சினை தொடங்கியது. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை நெட்வொர்க் அறுந்து, டேலி பாதியில் நின்றது. கடைக்குப் போன் செய்தோம். ஆள் வந்து பார்த்துவிட்டு, மதர்போர்டு போய்விட்டது, மாற்ற 38,000 ஆகும் என்றார். பழைய ஃபர்ம்வேருக்கே திரும்ப முடியாதா என்று கேட்டேன். "ஏத்துனா ஏத்துனதுதாண்ணே, இறக்க முடியாது."

இது பொய். மதர்போர்டு கதையும் நம்பும்படி இல்லை, ஏனென்றால் ஆர்730-இல் நெட்வொர்க் கார்டு தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய சின்ன கார்டு.

தூத்துக்குடியில் சர்வர் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் புலம்பினேன். "எஃப்10 அமுக்கிப் பாத்தியாப்பா?" என்று மட்டும் கேட்டார். சர்வர் ஆன் ஆகும்போது எஃப்10 அமுக்கினால் லைஃப்சைக்கிள் கன்ட்ரோலர் என்ற, சர்வருக்குள்ளேயே இருக்கும் பராமரிப்பு மெனு திறக்கும். அதில் ஃபர்ம்வேர் ரோல்பேக், அதாவது முந்தைய பதிப்புக்குத் திரும்புவது, என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு கார்டுக்கும் முந்தைய பதிப்பு ஒன்றை மட்டும் அது வைத்திருக்கும். மேலும் மேலும் ஏற்றினால் நல்லபடி ஓடிய பழைய பதிப்பு கையை விட்டுப் போய்விடும். டயக்னாஸ்டிக்ஸ் (சோதனை புரோகிராம்), டிரைவர் பேக், சிபிஎல்டி (மதர்போர்டில் உள்ள ஒரு சிப்) ஆகியவற்றுக்கு இந்த வசதி கிடையாது. நெட்வொர்க் கார்டுக்கு உண்டு.

முதலில் டேலி டேட்டாவை பேக்கப் எடுத்தேன். அப்புறம் ரோல்பேக் பட்டியலைத் திறந்தால் நெட்வொர்க் கார்டு ஒன்றுதான் அதில் இருந்தது. தேர்ந்தெடுத்தேன், சர்வர் ரீஸ்டார்ட் ஆனது, 20 நிமிடத்தில் முடிந்தது. அதன்பின் ஒரு முறைகூட நெட்வொர்க் அறுபடவில்லை.

பட்டியலில் மற்ற மூன்றும் ஏன் இல்லை என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. ஐடிராக் பக்கத்தில் லைஃப்சைக்கிள் லாகைப் பார்த்தேன். ஃபர்ம்வேர் மாறினால் பிஆர்36 என்ற குறியுடன் பழைய பதிப்பு, புதிய பதிப்பு, தேதி, நேரம் எல்லாம் அதில் பதிவாகும். அந்தப் பையன் வந்த நாளில் ஒரே ஒரு பதிவு, அதுவும் விண்டோஸ் போட்ட பிறகு. பயாஸ், ஐடிராக், ரெய்டு மூன்றையும் தொடவே இல்லை.

சர்வர் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இந்த லாகைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். விண்டோஸோ லினக்ஸோ, டிஸ்க்கில் ஏறும் முன்பே பாருங்கள். ஐடிராக் பாஸ்வேர்டையும் வாங்கி உடனே மாற்றிவிடுங்கள். எங்களுடையதில் கடைக்காரர் விட்டுப்போன 'கால்வின்' என்ற பழைய டிஃபால்ட் பாஸ்வேர்டே இருந்தது.

லாகைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், செய்யாத மூன்று வேலைக்கான 4,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். முதலாளி பிரின்ட்டைக் கையில் வாங்கவே இல்லை. "அடுத்த சாமானில் கழிச்சுக்கலாம் தம்பி" என்றார். எங்களுக்கு அங்கே அடுத்த சாமான் கிடையாது.