ஹிட்கோட்டா, குரோசோவா? மிச்சம் களிமண்ணில் மூன்று லாவண்டர்

தென்மேற்கு லண்டனில் நாங்கள் இருக்கும் ஊருக்குப் பெயர் மிச்சம் (Mitcham). முகவரி சொன்னாலே ஊரில் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு காலத்தில் இங்கே வயல் வயலாக லாவண்டரும் பெப்பர்மின்ட்டும்தான். பாட்டர் அண்ட் மூர் கம்பெனி 1749-இல் எண்ணெய் வடிக்கத் தொடங்கியதும் இங்கேதான். இப்போது வயலெல்லாம் வீடாகிவிட்டது. லாவண்டர் அவென்யூ என்று ஒரு தெருப்பெயர்தான், நிஜமாகவே, மிச்சம்.

அந்த வீறாப்பில் கொல்லையில் மூன்று வகை வைத்துப் பார்த்தேன். மூன்றுக்கும் பெயர் லாவண்டர்தான். குணம் வேறு வேறு.

முதலில் ஏமாந்தது பிரெஞ்சு லாவண்டரிடம். மே மாதமே பூத்துவிடும். பூவின் உச்சியில் முயல்காது மாதிரி இதழ்கள் நீட்டிக்கொண்டிருக்கும்; கடையில் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா வர முடியாது. தரையில் நட்டேன். மார்ச்சில் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்துக் கொழகொழவென்றிருந்தது. குளிரைவிட ஈரம்தான் எமன். எங்கள் களிமண் நவம்பருக்குப் பிறகு காய்வதே இல்லை. இதைத் தொட்டியில், சரளை கலந்த மண்ணில், சுவரோரமாக வைத்தால் பிழைக்கும். சமையலுக்கு ஆகாது. அழகுக்கு மட்டும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

ஹிட்கோட் இங்கிலீஷ் லாவண்டர் வகை. பூர்வீகம் என்னவோ மத்தியதரைக் கடல் பக்கத்து மலைச்சரிவுதான், இங்கிலாந்து இல்லை. முழங்கால் உயரம், அடர் ஊதா, ஜூன் கடைசியில் பூக்கும். குரோசோ அதைவிடப் பெரிய ஆள். பூத்தண்டோடு சேர்த்தால் இடுப்பு வரை வரும். பூப்பது ஜூலை நடுவில். இங்கிலீஷ் லாவண்டரும் ஸ்பைக் லாவண்டரும் கலந்து பிறந்த லாவண்டின் இனம் இது. மலடு, விதை பிடிக்காது. யாராவது குரோசோ விதை என்று பாக்கெட் விற்றால் வாங்காதீர்கள். பதியமோ குச்சியோதான் வழி.

பூவைக் கசக்கி மோந்தால் வித்தியாசம் சட்டென்று தெரியும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவிடம் குரோசோ கதிர் ஒன்றை நீட்டினேன். ஒரு இழுப்பு. "என்னடா, கோயில் கற்பூரத் தட்டு மாதிரி இருக்கு!" சரியாகத்தான் சொன்னார். ஸ்பைக் லாவண்டர் வழியாக வந்த கற்பூரம் அதில் தூக்கலாக இருக்கும். ஹிட்கோட்டில் அது மிகக் குறைவு, அதனால் மணம் இனிப்பாக இறங்கும்.

சமையலறையில் இதுதான் தீர்ப்பு. ஷார்ட்பிரெட் என்கிற வெண்ணெய் பிஸ்கட்டில் உலர்ந்த ஹிட்கோட் பூ ஒரு டீஸ்பூன் போட்டால் போதும், பிள்ளைகள் தட்டைக் காலி பண்ணுகிறார்கள். குரோசோவை ஒரு தடவை போட்டேன். சோப்பைக் கடித்த மாதிரி இருந்தது. பீரோவில் கதை தலைகீழ். பட்டுப்புடவை மடிப்பில் அந்துருண்டைக்குப் பதிலாக வைக்க குரோசோ பைதான் லாயக்கு. காரமான மணம், மாதக்கணக்கில் நிற்கும், ஒரே செடியில் கை நிறையக் கதிர். தேனீயும் பம்பிள் தேனீயும் இதைத்தான் அதிகம் மொய்க்கின்றன.

இரண்டையும் நடும்போது மண்ணை மேடாக்கிச் சரளை கலந்தேன். மூன்று குளிர்காலம் தாண்டிவிட்டன. உரம் போடவில்லை, போட்டால் இலைதான் மண்டும். பூக்கதிரில் கீழ்ப்பூ நாலைந்து விரிந்ததும், பனி காய்ந்த காலையில் அறுத்து, இருட்டறையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். ஆகஸ்டில் கத்தரிக்கும்போது பச்சை இலை கொஞ்சம் மிச்சம் விட்டு வெட்டுங்கள். இலையில்லாத பழைய கட்டையில் வெட்டினால் அங்கே துளிர்ப்பது அரிது.

ஒன்றுக்குத்தான் இடம் என்றால் நான் ஹிட்கோட்டையே வைப்பேன், வயிற்றுக்கும் ஆகுமே. அம்மா ஊருக்குப் புறப்பட்டபோது பெட்டியில் வைத்துக்கொண்டது மட்டும் குரோசோ பை. பூஜை அலமாரிக்காம்.