கான்செப்ட்2 ரோயர்க்: மூன்று குளிர்காலம் வலித்துப் பார்த்த பிறகு

ரோயர்க் என்பது கான்செப்ட்2 நிறுவனத்தின் துடுப்பு வலிக்கும் மெஷின், வீட்டுக்குள் உட்கார்ந்தே படகு வலிப்பதுபோல் உடற்பயிற்சி செய்யலாம். வாங்கலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். வீட்டில் எட்டடி நீளத்துக்கு இடமும், ஆயிரம் பவுண்டை ஒட்டிய தொகையும், வாரத்தில் மூன்று நாள் அரைமணி நேரமும் ஒதுக்க முடிந்தால் தாராளமாக வாங்கலாம். நான் இருப்பது இங்கிலாந்தில், லண்டனுக்குப் பக்கத்திலுள்ள ஸ்லவ்வில். மருத்துவமனையில் நர்ஸ் வேலை, பாதி நாள் நைட் ஷிஃப்ட். ஜிம்முக்குப் போய் வர எனக்கு நேரம் கிடையாது. எங்கள் முன்னறையில் சோபாவை நகர்த்திவிட்டுத்தான் இதைப் போட்டிருக்கிறோம்.

ஏன் டிரெட்மில் வாங்காமல் துடுப்பு வலிக்கும் மெஷின் வாங்கினேன் என்றால், அதற்குக் காரணம் ஒரு பெண். பிரிட்டனின் துடுப்புப் படகு வீராங்கனை கேத்ரின் கிரெய்ஞ்சர்.

2012 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. லண்டன் ஒலிம்பிக்கின் படகுப் போட்டிகள் எங்கள் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில், டோர்னி ஏரியில் நடந்துகொண்டிருந்தன. எனக்கு டிக்கெட்டும் இல்லை, லீவும் இல்லை. வார்டில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு ஸ்காட்லாந்துப் பாட்டி காலையிலிருந்தே டிவியைப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரஷர் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றினேன். அதற்குள் பெண்கள் இரட்டையர் இறுதிப் போட்டி தொடங்கிவிட்டது. கடைசி 500 மீட்டரில் பாட்டி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே வலிப்பதுபோல் முன்னும் பின்னும் அசைந்தார். அன்று அவருடைய பிரஷரைக் கால் மணி நேரம் கழித்துத்தான் எழுத முடிந்தது. கிரெய்ஞ்சரும் அன்னா வாட்கின்ஸும் ஆஸ்திரேலியாவை முந்தித் தங்கம் வாங்கினார்கள். பாட்டி அழுதார். எனக்கு அவர் ஏன் அழுகிறார் என்றே அப்போது தெரியாது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். கிளாஸ்கோவில் பிறந்தவர். பள்ளியில் கராத்தே கற்றுக் கறுப்புப் பட்டை வாங்கியவர். 1993-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கப் போன இடத்தில்தான் துடுப்பைத் தொட்டார். 2000 சிட்னியில் நால்வர் படகில் வெள்ளி. பிரிட்டனின் பெண்கள் துடுப்புப் படகில் வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான். 2004 ஏதென்ஸில் கேத் பிஷப்போடு இருவர் படகில் வெள்ளி. 2008 பெய்ஜிங்கில் மறுபடி நால்வர் படகு. 2005, 2006, 2007 என்று மூன்று வருடம் தொடர்ந்து உலகப் பட்டம் வாங்கிய படகு அது. பந்தயத்தில் பெரும்பகுதி முன்னால் இருந்துவிட்டுக் கடைசியில் சீனாவிடம் விட்டார்கள். பதக்க மேடையில் நான்கு பேரும் அழுத அழுகையைப் பார்த்தால் அது வெள்ளி வாங்கிய மேடை என்றே தோன்றாது. மூன்று ஒலிம்பிக், மூன்று வெள்ளி. அடுத்த நான்கு வருடம் கழித்துத்தான் டோர்னி. பாட்டி பன்னிரண்டு வருடத்துக் கண்ணீரை அன்று அழுதிருக்கிறார்.

இனி மெஷினுக்கு வருகிறேன். ஆனால் கிரெய்ஞ்சரை விட்டுவிடவில்லை, ஏனென்றால் அவரைப் போன்றவர்கள் குளிர்காலத்தில் உட்கார்ந்து வலிப்பது இதே வகை மெஷினில்தான். தேசிய அணித் தேர்வுகளில் 2,000 மீட்டர் சோதனை வைப்பதும் இதில்தான். ஒலிம்பிக் பந்தயத்தின் தூரமும் 2,000 மீட்டர். வீட்டில் வாங்கிப் போடும் சாமானும் ஒலிம்பிக் வீராங்கனைகள் அளந்துகொள்ளும் சாமானும் ஒன்றாக இருப்பது வேறு எந்த விளையாட்டில் நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

வேலை செய்யும் விதம் எளிமையானது. கைப்பிடியை இழுத்தால் ஒரு சங்கிலி முன்னால் கூண்டுக்குள் இருக்கும் விசிறிச் சக்கரத்தைச் சுற்றும். எதிர்ப்பு காற்றிலிருந்து வருகிறது. மெதுவாக இழுத்தால் லேசாக இருக்கும், வேகமாக இழுத்தால் கனக்கும். தண்ணீரும் துடுப்பிடம் அப்படித்தான் நடந்துகொள்ளும். பக்கவாட்டில் 1 முதல் 10 வரை எண் போட்ட டேம்பர் இருக்கிறது. பத்தில் வைத்தால்தான் பலன் என்று வருகிற விருந்தாளி எல்லோரும் அதை மேலே தள்ளிவிடுகிறார்கள். அது பலத்தின் அளவு அல்ல. கூண்டுக்குள் எவ்வளவு காற்றை விடுவது என்பதற்கான கதவு, அவ்வளவுதான். பத்தில் வைத்தால் கனமான மரப்படகை வலிப்பதுபோல் இருக்கும், மூன்றில் வைத்தால் ஒல்லியான பந்தயப் படகு. நான் நான்கில் வைக்கிறேன்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது திரைதான், பிஎம்5 என்று பெயர். ஒவ்வொரு தடவை வலித்த பிறகும் சக்கரம் எவ்வளவு விரைவாக வேகம் குறைகிறது என்று அது தானே அளந்து, அதற்கேற்பக் கணக்குப் போடுகிறது. கூண்டில் தூசி அடைத்திருந்தாலும், டேம்பரை மாற்றினாலும், வேறு ஊரில் வேறு மெஷினில் உட்கார்ந்தாலும் எண் நியாயமாக இருக்கும். முன்பு வீட்டில் வேறொரு மெஷின் இருந்தது, பிராண்டு வேண்டாம். அது நான் எத்தனை முறை இழுத்தேன் என்பதை மட்டும் எண்ணும். சோம்பலாக இழுத்தாலும் உயிரைக் கொடுத்து இழுத்தாலும் ஒரே தூரம் காட்டும். ஒன்பதாம் மாதம் பட்டை அறுந்துபோனது. நோயாளியின் காய்ச்சலைத் தப்பாகக் காட்டும் தெர்மாமீட்டரை வார்டில் வைத்துக்கொள்ள மாட்டோம். வீட்டில் மட்டும் எதற்கு?

பிஎம்5 சொல்லும் உண்மை சில நாள் கசக்கும். 2,000 மீட்டரை முதன்முதலில் முழுதாக வலித்தபோது எனக்கு 10 நிமிடம் 12 விநாடி ஆனது, சராசரி 98 வாட்ஸ். 2021-இல் அமெரிக்காவின் புரூக் மூனி என்ற பெண் இதே தூரத்தை 6:21.1-இல் முடித்து உலகச் சாதனை வைத்தார். அதற்கு ஏறக்குறைய 405 வாட்ஸ் வேண்டும். நேரத்தைப் பார்த்தால் என்னைவிட இரண்டு மடங்கு வேகம்கூட இல்லை, சக்தியைப் பார்த்தால் நான்கு மடங்கு. வேகத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டுமென்றாலும் சக்தியை நிறையக் கொட்ட வேண்டும்: வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. டிவியில் அரைப் படகு நீள வித்தியாசம் என்று நாம் சாதாரணமாகப் பார்ப்பதற்குப் பின்னால் எத்தனை காலை இருக்கும் என்பது இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

திரையில் இன்னொரு பக்கம் உண்டு. ஒவ்வொரு இழுப்பின் விசையையும் ஒரு மலைக்கோடாக வரைந்து காட்டும். என் கோட்டில் ஆறு மாதத்துக்கு ஒட்டகத்தின் முதுகுபோல் இரண்டு மேடு. காலின் உதையும் முதுகின் இழுப்பும் இடைவெளி இல்லாமல் ஒன்று சேரவில்லை என்று அர்த்தமாம். முதலில் கால், பிறகு இடுப்பு, கடைசியில் கை. திரும்பும்போது கை, இடுப்பு, கால். இதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வலித்தேன். ஒரு பிப்ரவரி மாதக் காலை, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்குமுன் பத்து நிமிடம் மட்டும் என்று உட்கார்ந்தேன். நடுப் பள்ளம் நிரம்பி ஒரே மேடாக வந்தது. அடுத்தடுத்து ஏழெட்டு இழுப்பு அப்படியே. அன்று அரைமணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

சத்தம் பற்றிக் கேட்பார்கள். காற்று விசிறி என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும். அடுக்குமாடியில் அதிகாலையில் வலிப்பதாக இருந்தால் கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எடை 26 கிலோ. நடுவில் கழற்றினால் இரண்டாகப் பிரியும், ஸ்பானர் எதுவும் வேண்டாம். இருக்கை தரையிலிருந்து 36 சென்டிமீட்டர்தான் உயரம். மூட்டு வலி உள்ளவர்கள் உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வலித்து முடித்ததும் இருக்கை ஓடும் தண்டவாளத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், 50 மணி நேரத்துக்கு ஒரு தடவை சங்கிலிக்கு எண்ணெய் தடவ வேண்டும். துரு எடுக்க அடிக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரேயை அடிக்கக் கூடாது.

தங்கம் வாங்கிய பிறகு கிரெய்ஞ்சர் என்ன செய்தார் என்று சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. நிறைய பேர் அத்தோடு நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறார்கள். அவர் படகை ஓரம் கட்டிவிட்டு, கொலைக் குற்றங்களுக்குத் தண்டனை விதிப்பது பற்றிய முனைவர் பட்ட ஆய்வை லண்டன் கிங்ஸ் கல்லூரியில் முடித்தார். வருடத்தில் பாதி பயிற்சியும் பாதி பந்தயமுமாக இருந்தவர் எந்த நேரத்தில் படித்தார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். நைட் ஷிஃப்டுக்கு நடுவில் ஒரு டிப்ளமோ முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். 2014-இல் திரும்பி வந்தார். 2016 ரியோவுக்கு முன்னால் இரட்டையர் படகு சரியாக ஓடவில்லை, எண்மர் படகுக்கும் முயன்று பார்த்து மறுபடி இரட்டையருக்கே வந்தார்கள். நாற்பது வயதில் விக்கி தோர்ன்லியோடு இறுதிப் போட்டியில் முன்னால் போய், கடைசியில் போலந்திடம் விட்டு, வெள்ளி. தொடர்ந்து ஐந்து ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் பிரிட்டிஷ் பெண் அவர்தான்.

அந்த ரியோ வெள்ளியில் அவர் சிரித்துக்கொண்டு நின்றார். பெய்ஜிங் மேடையையும் ரியோ மேடையையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அதே உலோகம்தான், முகம் வேறு. எனக்கு டோர்னி தங்கத்தைவிட அந்த வெள்ளி பெரிதாகத் தெரிகிறது, பாட்டி இருந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்.

சரி, கடைசியாக வாங்கப் போகிறவர்களுக்கு. வந்த அன்றே 2,000 மீட்டர் வலிக்க உட்கார்ந்துவிடாதீர்கள், முதல் இரண்டு வாரம் பத்துப் பத்து நிமிடம் போதும். முதுகில் டிஸ்க் தொந்தரவு இருந்தால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டி, உட்காரும் விதத்தைக் கற்றுக்கொண்டு தொடங்குங்கள். பழையது கிடைத்தாலும் வாங்கலாம், சங்கிலி துருப்பிடித்திருக்கிறதா, இருக்கை தடங்கல் இல்லாமல் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். போன டிசம்பரில் நான் 2,000 மீட்டரை 9:47-இல் முடித்தேன். 98 வாட்ஸ் 111 ஆகியிருக்கிறது. வருகிற சனிக்கிழமை எனக்கு ஷிஃப்ட் இல்லை, மறுபடி வலித்துப் பார்க்கப் போகிறேன்.