ஷெல்செக்: எஸ்சி 2086 மீது தீராத மனத்தாங்கல்

குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், தன் பேஷ் ஸ்கிரிப்டின் (லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் கோப்பு) தலையிலேயே, அத்தகைய ஸ்கிரிப்டுகளில் பிழை தேடும் ஷெல்செக் கருவியின் எஸ்சி 2086 எச்சரிக்கையை அணைத்துவைக்கும் வரியைப் போட்டிருந்தார். காரணம் கேட்டேன். "எல்லா வரிக்கும் இதுவே வருகிறது அண்ணா, என்ன சொல்கிறது என்றுதான் புரியவில்லை" என்றார். எனக்குக் கோபம் வந்தது அவர்மேல் இல்லை, ஷெல்செக்மேல்.

பேஷ் ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது என்று பல வருடப் பழக்கத்தில் சொல்வேன். இஃப் (if) என்பதை ஒட்டியே சதுர அடைப்பைத் திறந்துவிட்டால், பேஷ் சம்பந்தமில்லாமல் அடுத்து வரும் தென் (then) என்ற சொல்லைக் குற்றம் சாட்டும். ஷெல்செக்கோ, அடைப்புக்கு முன் இடைவெளி வேண்டும் என்று நேராகவே சொல்லிவிடும். எஸ்சி 2115 இன்னும் அருமை. கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளையில் மாறி (மதிப்பைத் தாங்கும் பெயர்) காலியாக இருந்தால் பாதை வெறும் /*, அதாவது கணினியில் உள்ள எல்லாமே, ஆகிவிடும் என்று வரப்போகும் விபரீதத்தையே கண்முன் காட்டுகிறது. 2015-இல் லினக்ஸுக்கான ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியின் ஸ்கிரிப்ட் பயனர்களின் கோப்புகளைத் துடைத்தெறிந்தது இதே வகைப் பிழையால்தான். 2115 எச்சரிக்கையைப் படித்துவிட்டு யாரும் அலட்சியமாகக் கடந்துபோனதை நான் பார்த்ததில்லை.

அதே கருவி, மிக அடிக்கடி எழுப்பும் எச்சரிக்கையில் மட்டும் ஏன் இப்படி? "குளோபிங்கையும் வேர்ட் ஸ்பிளிட்டிங்கையும் தடுக்க இரட்டை மேற்கோள் இடுங்கள்" என்கிறது 2086. இந்த இரண்டும் (* போன்ற குறிகள் கோப்புப் பெயர்களாக விரிவது, மதிப்பு இடைவெளியில் உடைவது) என்னவென்று அறிந்தவருக்கு எச்சரிக்கையே தேவையில்லை. அறியாதவருக்கு இது வெறும் சத்தம். 'பழைய பட்டியல்' என்று ஒரு கோப்பு இருக்கிறது, அதன் பெயர் ஒரு மாறியில் இருக்கிறது. மேற்கோள் இல்லாமல் அந்த மாறியை ஆர்எம் கட்டளைக்குக் கொடுத்தால் 'பழைய', 'பட்டியல்' என்ற இரண்டு கோப்புகளை அழிக்கப் போகும். "மதிப்பில் இடைவெளி இருந்தால் ஒரு பெயர் இரண்டாக உடையும்" என்று சொன்னால் போதாதா?

நியாயத்தையும் சொல்ல வேண்டும். இதற்கான விக்கிப் பக்கம் தவறான வரி, சரியான வரி, காரணம், விதிவிலக்கு என்று பிரமாதமாக எழுதப்பட்டிருக்கிறது. முனையத்தில் ஓட்டினால் அதன் இணைப்பும் கடைசியில் வருகிறது. ஆனால் பில்டு (நிரலைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் ஓட்டம்) உடைந்து எல்லோரும் காத்திருக்கும்போது அதை யார் திறந்து படிப்பார்கள்? 2019-இல் 0.7.0 பதிப்பு, திருத்திய வரியையே கீழே காட்டத் தொடங்கியது. நல்ல வசதிதான். ஆனால் காரணம் தெரியாமல் அதை அப்படியே ஒட்டுபவர்கள், பல ஆப்ஷன்களைச் சேர்த்து வைத்திருக்கும் மாறிக்கும் மேற்கோள் போட்டு, ஓடிக்கொண்டிருந்த கட்டளையை உடைத்துவிடுகிறார்கள். அங்கே வேண்டியது அரே, அதாவது ஒவ்வொரு ஆப்ஷனையும் தனித்தனியாக வைக்கும் பட்டியல். அதைச் செய்தி சொல்வதில்லை. போதாக்குறைக்கு இதன் நிலை வெறும் 'தகவல்', வார்னிங்குக்கும் கீழே. சத்தம் தாங்காமல் வார்னிங்குக்கு மேல் மட்டும் போதும் என்று அமைத்துவிட்டால், பேஷின் மிகப் பழைய கண்ணிக்கான இந்த எச்சரிக்கை சத்தமில்லாமல் மறைந்துவிடும்.

இஃப்பை மூடும் ஒரு ஃபை (fi) விடுபட்டதற்கு நான்கு செய்திகள் கொட்டுவதையெல்லாம் நான் பொருட்படுத்துவதில்லை. முதலாவதைப் படித்தால் போதும்.

எங்கள் பில்டில் ஷெல்செக் கட்டாயம். அதை எடுக்க விடமாட்டேன். ஆனால் ஷெல் கற்கத் தொடங்குபவருக்கு இதைப் பரிந்துரைப்பேனா என்று கேட்டால், இந்த ஒரு வாக்கியம் மாறும்வரை மாட்டேன்.